நீல டார்ச்

முதல் வாரம் என் பெட்டி.
இரண்டாம் வாரம் செருப்பு, இடது கால் மட்டும்.
பிறகு பொள்ளாச்சியிலிருந்து நான் தூக்கிவந்த
மேசை விசிறியின் அடித்தட்டு.
உதயன் வாங்கிப்போட்ட பிரிட்ஜை, பீரோவை
அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.
காலைத் தூக்கி, எங்கோ வெளியே பார்த்தபடி,
கையெழுத்துப் போடுவதுபோல
நாலு சொட்டு.

நான் 'அது' என்பேன்.
'அவன்' என்று திருத்துவாள் பிரமீளா.
ஆறு வயது, பெயர் கைசர்.
உதயனை ஏற்றிக்கொண்டு கோவைக்குப் போன ஆம்புலன்ஸின் பின்னால்
வண்ணாமடையிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் வரை ஓடியவனாம்.
யாரோ பிடித்துக் கட்டிவைத்தார்களாம்.

அதே செக்போஸ்ட்டைத்தான் தினம் கடக்கிறேன்
எடைமேடை வேலைக்கு.
என்னை யாரும் நிறுத்தியதில்லை.

பினாயில் ஊற்றினேன். அதன்மேலேயே பெய்தது.
மிளகாய்த்தூள் தூவினேன்.
தும்மியது நான்.
ஒரு காலையில் பிடரியைப் பிடித்து
மூக்கைக் கறையில் அழுத்தப்போனேன்.
பிரமீளா குறுக்கே வந்து நின்றாள்.
அன்று சோறு போடும்போது
கரண்டி கொஞ்சம் சத்தமாக விழுந்தது.

கொழிஞ்சாம்பாறை மிருக ஆஸ்பத்திரியில்
லிசி டாக்டர் மலையாளத்தில் கேட்டார்,
வீட்டுக்குப் புதிதாக யார் வந்தது என்று.
நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடம்போல.
அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

விதை எடுத்துவிடலாம், குறையும். உடனே அல்ல.
ரத்தத்தில் ஓடுவது வற்றச் சில வாரம் பிடிக்கும்.
வாடை தூக்கும் எதையும் ஊற்றாதீர்கள்,
அது அவனுக்கு வேறொருவன் எழுதிய பதில்.
நடந்து முடிந்தபின் திட்டாதீர்கள்,
எதற்கென்று அவனுக்கு விளங்காது,
உங்களிடம் பயம் மட்டும் மிஞ்சும்.
இனி நீங்களே சோறு வையுங்கள்.
கறையைத் தின்னும் திரவம் ஒரு பாட்டில்,
பழைய கறையைக் காட்டும் நீல டார்ச் ஒன்று.
எழுநூற்றி நாற்பது ரூபாய்.

ராத்திரி கரண்ட் போன நேரம் பார்த்து
ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடித்தோம்.
சுவரோரம், முழங்காலுக்குக் கீழே,
வழிந்து காய்ந்த மங்கல் மஞ்சள் கோடுகள்.
பெட்டி இருந்த மூலை. விசிறி.
கட்டிலில் நான் படுக்கும் பக்கத்துக் கால்.
கட்டில்வரை வந்திருக்கிறது,
எனக்குத் தெரியவில்லை.

அடுப்படி மேடையில் மஞ்சள்தூள் சிந்திய இடம்
பச்சையாய் எரிந்தது.
"இது நான்" என்றாள் பிரமீளா.
பிறகு டார்ச்சை என் பக்கம் திருப்பினாள்.
சோப்புத்தூளில் அலசிய என் வெள்ளை வேட்டி
வீட்டிலேயே பெரிய கறையாய்
கூடத்து நடுவில் நின்றது.

சிரித்து முடிக்க இருவருக்கும் நேரமாயிற்று.
முடித்தபின் தூக்கம் வரவில்லை.
குளியலறைக் குவளையில் என் பிரஷ்.
கொடியில் என் துண்டு.
காலண்டருக்கென்று நான் அடித்த ஆணி.
வாசலைப் பார்த்திருந்த நாற்காலியை டிவி பக்கம் திருப்பியது.
உதயன் படத்தை, வெயில் படுகிறது என்று சொல்லி
உள்ளறைக்கு மாற்றியது.

அந்தச் சுவரில் வெயில் பட்டதே இல்லை.

விடிந்ததும் பழைய ஆணியிலேயே மாட்டினேன்.
பிரமீளா ஒன்றும் சொல்லவில்லை,
சாய்ந்திருந்ததை ஒரு விரலால் நேராக்கினாள்.

வெட்டித் தைத்து மூன்று மாதம்.
கழுத்துக் கூம்போடு கதவுதோறும் இடித்துத் திரிந்த நாட்கள் போயிற்று.
இப்போதும் எப்போதாவது காலைத் தூக்குகிறான், பழக்கதோஷம்.
ஒரு சொட்டு, அல்லது அதுவும் இல்லை.
கைதட்டித் தென்னந்தோப்புக்குக் கூட்டிப்போகிறேன்.

"உக்காரு" என்றால்
வழி கேட்கும் வெளியூர்க்காரனைப் பார்ப்பதுபோல் பார்ப்பான்.
நேற்று மத்தித் தலை பிசைந்த கஞ்சியோடு நின்று
"இரி" என்றேன்,
உதயன் அதை எந்தக் குரலில் சொல்வான் என்று தெரியாமல்.
கொஞ்சம் யோசித்தான்.
இருந்தான்.

எதற்கும் பெட்டி
இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது.